கொலு ஸ்டேஷனுக்கு விளக்குப் போட்டவன்

கொலுவுக்குப் போன வீட்டில் கலர் பல்பு மினுக்கிக்கொண்டிருந்தால், சுண்டலைக் கையில் வாங்கின கையோடு நான் கிளம்பிவிடுவேன். பாடச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்பேன். திமிர் பிடித்தவள் என்று எனக்குப் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். மினுக்குகிற விளக்கைப் பார்த்து ஆஹா ஓஹோ என்று பல்லைக் காட்ட என்னால் முடியாது. காரணம் என் தம்பி.

அவனுக்கு வலிப்பு உண்டு. தெருவில் காக்கா வலிப்பு என்று சொன்னார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது, வெறும் ‘அது’தான். “அது வந்துடுத்து”, “அது வந்து நாளாச்சு” என்று ஏதோ விருந்தாளியைப் போலப் பேசுவார்கள். வந்தால் அம்மா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவிக்கொண்டு ஓடிவந்து அவன் கைக்குள் திணிப்பாள். இரும்பு பட்டால் அடங்கும் என்று அவளுக்கு நம்பிக்கை. எந்தச் சாவிக்கும் அது அடங்கியதில்லை, தானாக வரும், தானாகப் போகும். ஆனால் அப்போதெல்லாம் அம்மா ஒரு தடவையாவது ஓடிவராமல் இருந்ததில்லை. எனக்கு அவள்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

திருவள்ளூரில் பெருமாள் கோயிலை ஒட்டின தெருவில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கோயிலில் கைங்கர்யம். அண்ணா தினமும் காலை பாசஞ்சரில் மெட்ராஸ் போய் ஒரு ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு வருவான். ஒருநாள் தம்பி அண்ணாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க ஸ்டேஷனுக்கு ஓடினான். பிளாட்பாரத்தில் அது வந்துவிட்டது. அண்ணாவோடு கூடப் போகிறவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அன்றிலிருந்து தம்பி ஸ்டேஷன் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று உத்தரவு. அவன் மண்டை உடைந்ததற்காக அல்ல. ஆபீஸ்காரர்கள் பார்த்துவிட்டார்களே, அதற்காக.

அவனுக்கோ ரயில் என்றால் உயிர். பள்ளிக்கூடத்தையும் நிறுத்தியாயிற்று, ஸ்டேஷனும் போயிற்று. என்ன செய்வான்? வீட்டுக்குள்ளேயே ஒரு ஸ்டேஷனைக் கட்டிவிட்டான்.

பம்பாயிலிருந்து சித்தப்பா எப்போதோ வாங்கிவந்த தகர ரயில் ஒன்று பரணில் கிடந்தது. சாவி கொடுத்தால் தண்டவாளத்தில் வட்டமாக ஓடும். அதைத் துடைத்து எண்ணெய் போட்டான். செருப்புப் பெட்டி அட்டையில் ஸ்டேஷன் மாஸ்டர் ரூம், டிக்கெட் கொடுக்கும் இடம், சிக்னல் கேபின், தண்ணீர்த் தொட்டி, லெவல் கிராஸிங்கில் கேட் கீப்பரின் குடிசை என்று வரிசையாகச் செய்தான். அதற்குப் பிறகுதான் விளக்கு. ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் ஒரு டார்ச் பல்பு. குமுட்டி அடுப்பில் இரும்புக் கம்பியைக் காயவைத்து, ஈயத்தை உருக்கி, பல்பின் அடியில் ஒரு வயர், இடுப்பில் ஒரு வயர் என்று ஒட்டுவான். வயரெல்லாம் அட்டைத் தரையில் ஓட்டை வழியாக இறங்கிப் பின்னால் பாட்டரிக்குப் போகும்.

முதல் தடவை எரியவிட்டபோது ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் முழுக்க, சுவரும் கூரையும் சேர்ந்து, பழுத்த பரங்கிக்காய் மாதிரி ஜொலித்தது. அட்டை வழியாக வெளிச்சம் கசிகிறது. எனக்கு அழகாகத்தான் இருந்தது. அவன் முகம் சுருங்கிவிட்டது.

“சுவர் எரியற வீடு எங்கயாவது உண்டாக்கா? ஜன்னல்தான் எரியணும்.”

போட்டோ ஸ்டூடியோவில் படம் போடுகிற காகிதத்தைச் சுற்றி வருகிற கறுப்புத் தாளைக் கேட்டு வாங்கிவந்து கொடுத்தேன். உள்பக்கமெல்லாம் அதை ஒட்டினான். ஜன்னலுக்கு மட்டும் எண்ணெய் தடவின காகிதம். மறுபடி எரியவிட்டபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உள்ளே யாரோ உட்கார்ந்து கணக்கு எழுதுகிற மாதிரியே இருந்தது. கேட் கீப்பர் குடிசைக்கு மட்டும் இரண்டு பல்பை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் கோத்து, வெளிச்சத்தை மங்கலாக்கியிருந்தான். ஏண்டா என்றேன். “அவனுக்கு ஏது கரண்ட்? லாந்தர்தான் வெச்சிருப்பான்” என்றான்.

பல்பு வாங்குவது என் வேலை. பஜாரில் எலெக்ட்ரிக் கடைக்காரர் என்னைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார். “இன்னாம்மா, உங்கூட்ல டார்ச் பல்ப தாளிச்சுத் துன்றீங்களா? போன வாரம்தானே வாங்கிக்கினு போனே?” தம்பி ஒரு ஸ்டேஷன் கட்டுகிறான் என்று சொல்ல வாய்வரைக்கும் வரும். சொன்னால் எந்தத் தம்பி என்பார். பேசாமல் வாங்கிக்கொண்டு வருவேன்.

கேபினுக்கு எத்தனை ஜன்னல் என்று தம்பிக்கு மறந்துவிட்டது. தினமும் அந்த வழியாகத்தானே போகிறான் என்று அண்ணாவைக் கேட்டான். அண்ணா ஒரு நாள் ஒரு எண்ணிக்கை சொன்னான். இவன் ராவெல்லாம் உட்கார்ந்து வெட்டி ஒட்டினான். மறுநாள் அண்ணா, “சேச்சே, அது இல்லடா” என்று வேறு ஒன்று சொன்னான். இவன் கிழித்துவிட்டு மறுபடி ஒட்டினான். அதற்கு மறுநாள் இன்னொன்று. கடைசியில் அண்ணா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான். “எதைச் சொன்னாலும் நம்பறான் பாரேன், அசடு.” அம்மாவும் சிரித்தாள். நான் மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்கே போய் எண்ணிக்கொண்டு வந்து சொன்னேன்.

அம்மா சிரித்தாளே தவிர, அந்த ஸ்டேஷனை விட்டுக்கொடுக்கவில்லை. நவராத்திரி வந்ததும் அது கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கொலுப்படி இரண்டு பக்கமும் டிரங்குப் பெட்டிகளை அடுக்கி, குறுக்கே பலகை போட்டுக் கட்டுவது. மேலே வெள்ளை வேஷ்டி விரித்தால் படி. அடியில் நடுவே பொந்து மாதிரி இடம் இருக்கும். அங்கே தம்பி உட்கார்ந்தான். பவுடர் டப்பாவின் தகரத்தை நீள நீளமாக வெட்டி, ஆர்மோனியக் கட்டை மாதிரி ஒரு பலகையில் அடித்திருந்தான். ஒரு தகரத்தை அழுத்தினால் ஒரு விளக்கு. தண்டவாளம் ஒரு குகை வழியாகப் படிக்கு அடியில் போய்த் திரும்பி வரும். ரயில் உள்ளே வந்ததும் சாவி கொடுத்து வெளியே விடுவான். வெளியில் பார்க்கிறவர்களுக்கு, ரயில் போகப் போக ஒவ்வொரு கட்டடமாக விளக்கு ஏறும், ரயில் ஓய்வதே இல்லை. தெருவே திரண்டு வந்தது.

யார் செய்தது என்று கேட்டால், “எங்காத்துலதான்” என்பாள் அம்மா. அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வலிப்புக்காரன் இருக்கிறான் என்று தெரிந்தால் எவன் வந்து கட்டிக்கொள்வான்? அதனால் ஆள் வருகிற நேரமெல்லாம் தம்பி ஒன்று சமையல்கட்டுக்குப் பின்னால், இல்லாவிட்டால் படிக்கு அடியில். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். ஒரே ஒரு சாயங்காலம் வெளியே, மனுஷர்களோடு மனுஷனாக உட்கார்ந்து அந்த விளக்குகளைப் போடவேண்டும். அவன் செய்த ஸ்டேஷனை, விளக்கு எரிந்து ஜனங்கள் பார்க்கிறபோது எப்படி இருக்கிறது என்று அவன் பார்த்ததே இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வயரும் இருட்டும்தான்.

“இவளுக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும்டா. அப்புறம் நீ நடுக்கூடத்துல சப்பணம் போட்டு உக்காந்துக்கோ. யார் வேண்டாங்கறா?” என்றார் அப்பா.

“நீ இருக்கறதே அவளுக்கு ஒரு தோஷம். அதுல உனக்கு ஷோ வேற கேக்கறதா?” என்றான் அண்ணா.

தம்பி அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கல்யாணம் ஆனால் தான் வெளியே வரலாம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டான். என்னைவிட அவனுக்குத்தான் என் கல்யாணத்தில் அவசரம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நவராத்திரி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றில் ஆபீஸ் வேலை பார்க்கிற பையன். கொலு பார்க்கிற சாக்கில் பெண்ணையும் பார்த்துவிடுகிறோம் என்று பையனின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோவும் பிடித்துவிட்டது. அவர்கள் வந்து உட்கார்ந்து எழுந்தால் நிச்சயம்தான் என்று வீட்டில் பேச்சு.

தம்பி அந்த வாரம் முழுக்கத் தூங்கினானா என்பதே சந்தேகம். எல்லா வயரையும் புதிதாக இழுத்தான். ஒரு பல்புகூடத் துடிக்கக்கூடாது என்பதில் வெறியாக இருந்தான். ஏண்டா இவ்வளவு பிடிவாதம், கொஞ்சம் மினுக்கினால் அழகாகத்தானே இருக்கும் என்றேன். கோபம் வந்துவிட்டது அவனுக்கு. “ஸ்டேஷன்ல லைட்டு கண்ணடிக்குமாக்கா? மினுக்கித்துன்னா ஏதோ ஆபத்துன்னு அர்த்தம். டிரைவர் வண்டியை நிறுத்திடுவான்.”

அன்று சாயங்காலம் அவன் உள்ளே நுழைந்ததும், பக்கத்து இடுக்கில் யாரும் எட்டிப் பார்க்காமலிருக்க அண்ணா ஒரு அரிசி மூட்டையை இழுத்து அடைத்தான். அம்மா வேஷ்டியைக் குண்டூசி குத்திப் படியோடு சேர்த்துவிட்டாள். “மூச்சு முட்டாதாம்மா?” என்றேன். “ஒரு மணி நேரத்துல ஒண்ணும் முட்டாது. நீ போய்த் தலையை வாரிக்கோ” என்றாள்.

அவர்கள் வந்தார்கள். பையன், அவன் அம்மா, கூட ஒரு மாமி. எங்கள் தெருவிலிருந்தும் நாலைந்து பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ரயில் கிளம்பியது. டிக்கெட் கொடுக்கும் இடம் எரிந்தது, கேபின் எரிந்தது, கேட் குடிசையில் மங்கலாக லாந்தர் எரிந்தது. பையனுக்கு என்னைப் பார்க்கிற ஞாபகமே போய்விட்டது. குனிந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தான்.

“பிரமாதமா இருக்கே. யார் பண்ணினது?”

“நான்தான்” என்றான் அண்ணா.

கூசாமல் சொன்னான். அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னாலேயே அந்த அரிசி மூட்டை. அதற்குப் பின்னால் தம்பி. கைக்கெட்டும் தூரம். வயரிங் எப்படி என்று பையன் கேட்டான். “எல்லாம் ஆட்டோமேட்டிக்” என்றான் அண்ணா. அம்மா பெருமையாகத் தலையாட்டினாள்.

பாடச் சொன்னார்கள். பாட ஆரம்பித்தேன். அனுபல்லவியில் இருந்தபோது ரயில் குகைக்குள் போயிற்று. திரும்பி வரவில்லை. சாவி கொடுக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போதுதான் கேபின் விளக்கு அணைந்து எரிந்தது. பிறகு டிக்கெட் ஜன்னல். பிறகு எல்லாமே, தாறுமாறாக, படபடவென்று, எரிந்து அணைந்து எரிந்து அணைந்து.

“அடடா! பாட்டுக்கு ஏத்த மாதிரி மின்னறதே!” என்றாள் பையனின் அம்மா. கை தட்டினாள். கூட வந்த மாமி தட்டினாள். தெருப் பெண்கள் தட்டினார்கள். பையனும் சிரித்துக்கொண்டே தட்டினான்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பலகைமேல் அவன் விழுந்து கிடக்கிறான். அவன் உடம்பு துடிக்கிற துடிப்புத்தான் அந்த மினுக்கல். அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் கை இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போயிற்று. போய், அங்கேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்து, பாடு என்று கண்ணால் சொன்னாள். அப்பா தரையைப் பார்த்தார். அண்ணா, இதுவும் தன் ஏற்பாடுதான் என்பதுபோல லேசாகச் சிரித்துவைத்தான். அவன் முதுகுக்குப் பின்னால் மூட்டை கொஞ்சமாக ஆடிக்கொண்டிருந்தது.

“இன்னொரு தரம் அந்த அடியைப் பாடேன்மா, விளக்கு எப்படி வரதுன்னு பாக்கலாம்” என்றாள் பையனின் அம்மா.

பாட்டை நிறுத்தினேன். எழுந்துபோய் அண்ணாவைத் தள்ளினேன். அவன் நகரவில்லை, மூட்டைமேல் சாய்ந்து அழுத்திக்கொண்டான். சரிதான் போ என்று முன்பக்கமாக வந்து வேஷ்டியைப் பிடித்து இழுத்தேன். குண்டூசிகள் தெறித்தன.

“நவராத்திரி நடுவுல படியைக் கலைக்காதேடி! கலசம் இருக்குடி!” என்று அப்பா அலறினார்.

நடுப் பலகையைத் தூக்கினேன். மண் பொம்மைகள் சரிந்தன. தசாவதாரம் போயிற்று, செட்டியார் போனார், மேல்படிக் கலசத்துத் தேங்காய் உருண்டு பையனின் அம்மா காலடியில் நின்றது. ஒரு டிரங்குப் பெட்டி சாய்ந்து ஸ்டேஷன்மேல் விழுந்து, அட்டைக் கட்டடங்களை நசுக்கியது. உள்ளே தம்பி கிடந்தான். வாயோரம் ரத்தமும் நுரையும். கண் மேலே சொருகியிருந்தது. கையில் ரயிலின் சாவி. கன்னத்துக்கு அடியில் இன்னும் இரண்டு தகரம் அழுந்தியிருந்தது. அவனைப் பக்கவாட்டில் திருப்பி மடியில் போட்டுக்கொண்டேன். என் புதுப் புடவையெல்லாம் நாசம்.

“இது எத்தனை நாளா இருக்கு?” என்று பையனின் அம்மா கேட்டாள். “எழுந்திருடா” என்றாள் பிள்ளையிடம். தாம்பூலத் தட்டைத் தொடாமல் போனார்கள்.

அண்ணா நசுங்கிக் கிடந்த கேபினைக் காலால் எத்தினான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுண்டாளே, பாவி! இன்னும் ரெண்டு நிமிஷம் பொறுத்திருந்தா தானா அடங்கியிருக்குமே!” அது பொய்யில்லை. அடங்கித்தான் இருக்கும். எப்போதும் அடங்குமே. அந்த இரண்டு நிமிஷத்துக்கு என் பாட்டும் அவர்கள் கைதட்டலும் அவனுக்குமேல் நடந்துகொண்டிருந்திருக்கும், அவ்வளவுதான்.

தம்பிக்கு நினைவு வந்தது. எழுந்து உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்தான். பொம்மைத் தலைகள், கிழிந்த அட்டை, அறுந்த வயர், காலியாகக் கிடந்த ஜமக்காளம். பிறகு என்னைப் பார்த்தான்.

“ஏன்க்கா கலைச்சே? முடிஞ்சுபோயிருக்குமே. நான் வெளில வந்திருப்பேனே.”

என் கல்யாணம் போனதற்கு நான் அழவில்லை. இதற்கு அழுதேன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவன் என்னோடு பேசவில்லை. வயரைத் தொடவில்லை.

கொலு கலைந்த கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. வலிப்புச் சேதியும் பரவியது. விசித்திரம் என்னவென்றால், விளக்கு மினுக்கின சேதி அதைவிட வேகமாகப் பரவியது. பஜாரில் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். “இன்னாம்மா, உங்கூட்டுக் கொலுவுல லைட்டு சும்மா பிச்சிக்கினு மினுக்குச்சாமே! ஆளாளுக்கு வந்து அந்த மாதிரி பல்பு குடுன்னு பேஜாரு பண்றாங்க. இன்னா டெக்னிக்கு, சொல்லேன்?” அவர் கடையையே கொளுத்திவிடலாம்போல எனக்கு வெறி வந்தது. அவர்மேல் என்ன தப்பு? ஒன்றும் வாங்காமல் திரும்பினேன்.

மறுவருஷம் நவராத்திரி வந்தது. நடுவில் எனக்கு ஒரு வரனும் வரவில்லை. வைத்துப் பழகின கொலுவை நிறுத்தக்கூடாது என்று அம்மா மிச்சமிருந்த பொம்மைகளை இறக்கினாள். தம்பியைக் கூப்பிட்டாள்.

“ஸ்டேஷனைக் கட்டுடா. வெளியிலயே உக்காந்துக்கோ. இனிமே எதை மறைச்சு என்ன ஆகப்போறது? போன வருஷம் மினுக்கித்தே, அந்த மாதிரி பண்ணு. எல்லாரும் அதைத்தான் கேக்கறா.”

பெற்றவள் வாயால் சொன்னாள். நான் அங்கேயேதான் நின்றேன். எரித்துவிடுவதுபோல அவளைப் பார்த்தேன். அவள் பொம்மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் தம்பி என்னிடம் வந்தான். கையில் அந்தத் தகரப் பலகை.

“அக்கா, அன்னிக்கு எப்படி மின்னித்து? எனக்கு ஒண்ணும் தெரியாதே. நீதானே பாத்தே?”

நான் உள்ளே போகப் பார்த்தேன். வழியை மறித்தான்.

“கை தட்டினாளா?”

“தட்டினா.”

“எல்லாருமா?”

“எல்லாரும்தான்டா.”

பலகையை என் பக்கம் தள்ளினான். “வாசிச்சுக் காட்டு.”

வேண்டாம்டா என்றேன். விடவில்லை. கேபினா முதலில், டிக்கெட் ஜன்னலா, எல்லாம் சேர்ந்தா, வேகமாகவா, விட்டு விட்டா என்று நோண்டி நோண்டிக் கேட்டான். நான் தரையில் விரலால் தட்டிக் காட்டினேன். அவன் உடம்பு துடித்த துடிப்பை அவனுக்கே நான் சொல்லிக்கொடுத்தேன். அவன் பார்த்துப் பார்த்துத் தகரத்தில் அழுத்திப் பழகினான். ஸ்டேஷனில் லைட்டு கண்ணடிக்குமா என்று கேட்ட பையன்.

முதல் நாள் சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. தம்பி தலைவாரி, புது வேஷ்டி கட்டிக்கொண்டு, கொலுவுக்குப் பக்கத்தில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்தான். வந்த பெண்கள் குழந்தைகளை இழுத்து அவனிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்காரவைத்துக்கொண்டார்கள். அவன் அதைக் கவனிக்கவில்லை. ரயில் போகப் போக ஒழுங்காக விளக்கு ஏற்றினான். யாரும் கை தட்டவில்லை. “மினுக்கறது எப்போ?” என்று யாரோ கேட்டார்கள்.

அதே பாட்டைப் பாடச் சொல்லி அவன் என்னைப் பார்த்தான். பாடினேன். அனுபல்லவியில் அவன் விரல்கள் தகரத்தில் துடித்தன. அப்படியே, அச்சு அசலாக அதே மாதிரி. கூடம் கை தட்டியது. அம்மா எல்லாருக்கும் மேலாகத் தட்டினாள். தம்பி முதல்முதலாகத் தலையை நிமிர்த்தி, எரிகிற ஜன்னல்களையும் எதிரே இருந்த முகங்களையும் ஒன்றாகப் பார்த்தான். பிறகு என் பக்கம் சாய்ந்தான்.

“அன்னிக்கும் இவ்வளவு தட்டினாளாக்கா?”

அவன் காதில் சொன்னேன். “அன்னிக்கு இன்னும் ஜாஸ்திடா.”

அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.